நியாயத்துக்கு அசைந்தவர்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு யாழ்ப்பாண மருத்துவமனையில், தீவுப் பள்ளி ஆசிரியையான அவருடைய உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்து நான்கு. நோய் புற்றுநோய். பகல் பதினொன்றரை மணிக்கு உடல் ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள அவருடைய வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது.

சனிக்கிழமை. அவர் படிப்பித்த தீவிலிருந்து இரண்டு படகுகளில் ஆட்கள் வந்தனர். பன்னிரண்டு இருபதுக்கு, அவரிடம் படித்து இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி பந்தலுக்கு வெளியே என்னிடம் வந்து கேட்டாள்: "சேர், நான் எழுதினதாலையோ ரீச்சர் தீவிலை போய் இருந்தவ? அங்கை இருந்தபடியாலையோ வருத்தத்தைப் பிந்திக் கண்டவை?" நான் பந்தலுக்குள் போய்விட்டேன். ஒன்று பத்துக்கு உடல் சுடலைக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை. அவருடைய கணவர் என் வீட்டுக்கு வந்து, முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். சம்மதித்தேன்.

இவ்வளவும் நடந்தவை. இனி எழுதுவனவற்றுள் நான் கண்டவற்றைக் கண்டதாகவும், கேட்டவற்றைக் கேட்டதாகவும் எழுதுகிறேன். வேறு விதமாக எழுதினால் அவர் ஏற்கமாட்டார்.

நான் கல்வித் திணைக்களத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். சிறுவர் கட்டுரைகளை எப்படி மதிப்பிடுவது என்பதே என் முதுநிலை ஆய்வின் பொருள். பக்கங்கள் நிறைய எழுதினேன், பட்டமும் கிடைத்தது. அந்த ஆய்வில் இல்லாத ஒன்றைப் படகில் மட்டும் போகக்கூடிய ஒரு சிறுதீவில், பதினொரு பிள்ளைகள் படித்த ஆரம்பப் பள்ளியில் கண்டேன். தீவின் பெயரை எழுதினால் பள்ளியும் ஆளும் தெரிந்துவிடும், ஆகவே விட்டுவிடுகிறேன். அப்பள்ளியின் அதிபரும் ஆசிரியரும் அவர் ஒருவரே.

முதன்முறை நான் போனபோது, வகுப்பில் இரண்டு யன்னல்களுக்கு இடையே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் உடுப்புக் காயப்போடும் கவ்விகளால் காகிதங்கள் மாட்டப்பட்டிருந்தன: பால்மாப் பெட்டியின் மட்டை, கோயில் திருவிழா அறிவித்தல், ஒரு வேட்பாளரின் துண்டுப்பிரசுரம், இறங்குதுறையில் ஒட்டியிருந்த எச்சரிக்கையின் பிரதி, பத்திரிகையிலிருந்து வெட்டிய மரண அறிவித்தல். பாடநூல் மேசையில் மூடிக் கிடந்தது. மேற்பார்வைக்குப் போனவன் என்ற முறையில் அதை முதலில் குறித்துக்கொண்டேன்.

அவர் ஒவ்வொரு காகிதமாகத் தொட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இதை எழுதினவருக்கு எங்களிட்டை ஏதோ வேணும். என்ன வேணும்?"

"எங்கட காசு வேணும்," என்றான் பால்மா மட்டையைப் பார்த்த ஒரு சிறுவன்.

"எங்கை கண்டனீர்?"

"கெட்டிக்காரப் பிள்ளை குடிக்கும் பால் எண்டு கிடக்கு. குடிச்சாப் பிறகுதானே கெட்டிக்காரன் எண்டு தெரியும். இவை முதலே சொல்லினம்."

மரண அறிவித்தலை எல்லோரும் 'அறிவிக்க எழுதியது' என்றார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லை ரீச்சர். செத்தவர் எப்பிடிச் செத்தவர் எண்டு ஒரு சொல்லும் இல்லை. பிள்ளையள் இருக்கிற ஊர்தான் எல்லாம். கனடா, லண்டன், சுவிஸ். நான் எண்ணினனான், ஒன்பது ஊர். உது காட்டுறதுக்கு எழுதினது."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஒன்பது எண்டு எண்ணிச் சொன்னது நல்லம். ஆனா வெளியிலை இருக்கிற சொந்தக்காரர் ஆரின்ர பிள்ளை எண்டு கண்டுபிடிக்கிறதுக்கும் ஊர் போடலாமெல்லோ? ரெண்டையும் எழுதும். பிறகு எது பலமெண்டு நீர் சொல்லும்."

ஒன்றைக் கவனித்தேன். சாதாரண வேளைகளில் அவர் பிள்ளைகளை 'நீ' என்றே அழைத்தார். கருத்துக்குக் காரணம் காட்டிய பிள்ளைக்கு அந்த நேரத்தில் 'நீர்' என்ற மரியாதை கிடைத்தது. இடைவேளையில் ஒரு சின்னவன் மற்றவனிடம், "இண்டைக்கு எனக்கு ரெண்டு தரம் நீர் சொன்னவ," என்று பெருமை பேசியதைக் கேட்டேன்.

அன்று புறப்படும்போது பள்ளியின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் வழமைபோல எழுதினேன்: 'கற்பித்தல் மிகச் சிறப்பாக உள்ளது.' கையெழுத்திட்டேன். அவர் வாசித்தார், புத்தகத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"சேர், குறை நினையாதேங்கோ. எதைக் கண்டு சிறப்பெண்டு சொல்லுறியள்? அதையும் ஒரு வரி போட்டுவிட்டால் நல்லம்."

"ஏன் ரீச்சர், நல்லதுதானே எழுதினனான்?"

"ஓம் சேர். பிள்ளையள் இந்தப் புத்தகத்தை வாசிக்கிறவை."

இருபத்தெட்டு ஆண்டுச் சேவையில் நான் எழுதிய பாராட்டுக்கு எவரும் ஆதாரம் கேட்டதில்லை. கண்டனத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். படகுக்காரர் கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மீண்டும் கதிரையில் இருந்து, மரண அறிவித்தலைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்னதையும் அவர் மறுமொழியாகக் கேட்டதையும் எழுதினேன். ஏழு வரிகள் வந்தன. என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய முதலாவது நேர்மையான பதிவு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அவருக்குப் பெற்றோரிடம் எப்போதும் நல்ல பெயர் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரு தகப்பன் கடலால் வந்த கையோடு, இடுப்பில் ஈரச் சாரத்துடன் பள்ளி வாசலில் நின்று சத்தம் போட்டார். அப்போது நானும் இருந்தேன்.

"ரீச்சர், என்ர பெடியன் எனக்கே சொல்லுறான், 'அப்பா, நீங்கள் சொன்னது கருத்து, காரணம் எங்கை?' எண்டு. சோறு போடுறன், அதுதான்ரா காரணம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அது நல்ல காரணம்தான்," என்றார் அவர். "ஆனா அது வேற கேள்விக்குரிய காரணம். அவன் என்ன கேட்டவன்?"

தகப்பன் சிறிது யோசித்தார். "வலை பிரிக்கிற நேரம் ஏன் தன்னைத்தான் கூப்பிடுறன், அக்காவைக் கூப்பிடுறேல்லை எண்டு."

"ஏன் கூப்பிடுறேல்லை?"

தகப்பன் சாரத்தைப் பிழிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் நான் போனபோது அந்தச் சகோதரியும் கரையில் இருந்து வலை பிரித்துக்கொண்டிருந்தாள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளைகளிடம் கேட்டதை அவர் தம்மிடமும் கேட்டார். என்னை வியக்கவைத்தது அதுவே. கரும்பலகையின் வலது மூலையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெட்டி கீறி, 'ரீச்சர் மாற்றிக்கொண்ட கருத்துகள்' என்று தலைப்பிட்டிருந்தார். பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று ஒருநாள் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளை எழுந்து, "நல்ல தண்ணியெண்டா ஏன் ரீச்சர் எங்கட வீட்டிலை இந்தத் தண்ணியிலை பால்தேத்தண்ணி போட்டாத் திரையுது?" என்று கேட்டிருக்கிறது. அடுத்த நாள் அவர் அடுப்பு மூட்டி, கிணற்றுத் தண்ணீரிலும் தாங்கியில் சேமித்த தண்ணீரிலும் பால்தேநீர் போட்டுக் காட்டினார். ஒன்று திரைந்தது. நான் போனபோது அந்தப் பெட்டிக்குள் 'கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை' என்றும், அதன் கீழ் அந்தப் பிள்ளையின் பெயரும் இருந்தன. மேற்பார்வைக்கு வரும் அதிகாரியின் கண்ணில் படும் இடத்தில் தம் தவறை எழுதிவைத்த ஆசிரியரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னரும் காணவில்லை.

இனி, அந்தப் பெண் கேட்ட கேள்விக்குரிய சம்பவம்.

பிள்ளைகள் தொகை குறைவு என்பதால் அப்பள்ளியை மூடி, பிள்ளைகளைப் படகில் ஊர்காவற்றுறைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று ஆராய்ந்து அறிக்கை தரும்படி என்னைக் கேட்டார்கள். பெற்றோர் கருத்தையும் இணைக்க வேண்டும். பிள்ளைகளின் கருத்தை யாரும் கேட்கவில்லை. அதை அனுப்பலாமா என்று அவர்தான் கேட்டார். தடை இல்லை என்றேன்.

பள்ளி அபிவிருத்திச் சங்கத் தலைவர் தெற்கில் ஒரு பட்டணத்தில் நெடுங்காலம் கடை வைத்திருந்தவர். மனு எழுதிப் பழகியவர். நம்மவர் மனுவின் முறை எல்லோரும் அறிந்ததே: ஒருவர் எழுத, ஊரே கையெழுத்து வைக்கும். அவர் அழகான ஒரு மனுவை எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறார். அங்கு நடந்த உரையாடலைத் தலைவரே பின்னர் இறங்குதுறையில் வைத்து என்னிடம் முறைப்பாடாகச் சொன்னார். அவர் சொன்னபடியே தருகிறேன்.

"ரீச்சர், பிள்ளையளின்ர கையெழுத்திலை போனால்தான் கல்விக் கந்தோரிலை அதிகாரியளின்ர மனம் இளகும். இதைப் பாத்து எழுதச் சொல்லுங்கோ."

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான். ஏன்?"

"அப்ப நீங்கள் கையெழுத்து வையுங்கோ. பிள்ளையள் தங்கடையை எழுதுவினம்."

"உதுகளுக்கு என்ன தெரியும்? ஒண்டு ரெண்டு மாறி எழுதிப்போட்டா?"

"எழுதினா அதுவும் போகும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. பள்ளிக்கூடம் போனா உங்கட கதிரையும் போகும்."

"ஓம், தெரியும்."

"சேர், ஓம் தெரியும் எண்டு சொல்லுறா!" என்று தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இவவோட என்னெண்டு கதைக்கிறது?"

பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் கொடுத்தார். விதிகள் மூன்று. கருத்தை முதல் வரியில் சொல்ல வேண்டும். காரணம் தாமே கண்டதாகவோ எண்ணியதாகவோ இருக்க வேண்டும். மாற்றுக் கருத்துடையவர் சொல்லக்கூடியதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். பதினொரு தாள்கள் எனக்கு வந்தன. எட்டுப் பேர் பள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். மூன்று பேர் மூட வேண்டும் என்றார்கள். அந்த மூன்றையும் அவர் அடியில் மறைக்கவில்லை. வகுப்பு வரிசைப்படி அவையவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அவற்றுள் ஒன்று, நாலாம் வகுப்புச் சிறுமி எழுதியது:

'எங்கள் பள்ளிக்கூடத்தை மூட வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் காற்றுக் காலத்தில் படகு ஓடாவிட்டால் ரீச்சர் வருவதில்லை. கார்த்திகை மாதத்தில் என் கொப்பியில் ஒன்பது நாளுக்குத் திகதி இல்லை. ரீச்சர் வராத நாளில் நாங்கள் விளையாடுகிறோம். விளையாடுவது நல்லது. ஆனால் நாங்கள் படிக்க வந்தோம். ரீச்சர் நல்லவர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நல்லவர்தான். ஆனால் அவர் அக்கரையில் இருக்கிறார்.'

அதன் கீழே சிவப்பு மையில், அவருடைய கையெழுத்தில், 'எண்ணிப் பார்த்தேன். ஒன்பது சரி' என்று இருந்தது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தாள்கள் வருமுன்பே என் அறிக்கை தட்டச்சாகிவிட்டது. மூடலாம் என்பதே அதன் முடிவு. பெற்றோர் கருத்தை இணைப்பதற்கு இடம் விட்டிருந்தேனே தவிர, அதனால் மாறுவதற்கு இடம் விட்டிருக்கவில்லை. அந்தச் சிறுமி என் பக்க நியாயத்தையே எழுதியிருந்தாள். என்னைவிட நன்றாக எழுதியிருந்தாள். ஆனால் இரண்டாம் முறை வாசித்தபோது என் முடிவு என் கையிலேயே உடைந்தது. தான் நேசிக்கும் ஆசிரியருக்கு எதிராக, அந்த ஆசிரியர் முன்னாலேயே இருந்து, கொப்பியை எண்ணி நியாயம் எழுதக்கூடிய ஒன்பது வயதுப் பிள்ளையை நான் பார்வையிட்ட எந்தப் பெரிய பள்ளியும் உருவாக்கியிருக்கவில்லை. மூட வேண்டும் என்று எழுதிய அந்தத் தாளே மூடக்கூடாது என்பதற்கு என்னிடமிருந்த மிகப் பலமான ஆதாரம்.

அறிக்கையை மாற்றினேன். பள்ளி தொடர வேண்டும், ஆனால் ஆசிரியர் தீவிலேயே தங்க வேண்டும் என்று பரிந்துரைத்தேன். அந்த நிபந்தனையைச் சொல்வதற்கு அவரைக் கந்தோருக்கு அழைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தயங்கிக்கொண்டிருந்தேன்.

"அறை பாத்திட்டன் சேர்," என்றார். "கோயில் வீதியிலை ஒரு வீட்டிலை. ஞாயிறு பின்னேரம் போனா வெள்ளி வரலாம்."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."

"நீங்கள் சொல்லாட்டிலும் போவன். பிள்ளை நியாயம் காட்டிப்போட்டுது. நல்லா எழுதினாய் எண்டு புள்ளி போட்டிட்டு நான் அக்கரையிலையே இருந்தா, நியாயம் எண்டது கொப்பியிலை எழுதுறதுக்கு மட்டும் எண்டெல்லோ அது படிக்கும்?"

"வீட்டிலை என்ன சொல்லுகினம்?"

"அவருக்குச் சமைக்கத் தெரியும் எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் இப்பதான் தெரியவந்தது."

அடுத்த தவணை தொடங்கிய நாளில் கரும்பலகை மூலைப் பெட்டிக்குள், 'வந்து போய்ப் படிப்பிக்கலாம் என்று நினைத்தேன்' என்ற வரியும் அந்தச் சிறுமியின் பெயரும் ஏறின. வகுப்பு கைதட்டியது. அவள் அன்று வீடுவரை ஓடியே போனாள் என்று அவளுடைய தாய் எனக்குச் சொன்னார். அன்றைய பெருமைதான் இப்போது சுமையாகி, வளர்ந்துவிட்ட அவளைப் பந்தலுக்கு வெளியே என்னிடம் கொண்டுவந்தது. ஒரு பிள்ளையின் சொல்லுக்கு இவ்வளவு பாரம் கொடுக்கலாமா என்று நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் விட்டிருக்கமாட்டார். பாரம் இல்லாவிட்டால் அது சொல் அல்ல என்பதே அவர் வாழ்ந்த முறை.

பத்து ஆண்டுகள் அங்கே தங்கினார். அக்காலத்தில் அந்தப் பள்ளியின் கொப்பிகளில் காற்றுக் காலத்துத் திகதிகள் தவறியதை நான் காணவில்லை. நான் ஓய்வு பெற்ற பின்னும் ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

இவ்வாண்டு தை மாதக் கடைசியில் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல், "கெதியிலை சுகமாகி வந்திடுவியள்," என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "என்னத்தைக் கண்டு சொல்லுறியள் சேர்?"

நான் கொண்டுபோன பழங்களை மேசையில் வைத்தேன்.

"பரவாயில்லை," என்றார். "ஆறுதலுக்குச் சொன்னது. அதுவும் ஒரு நோக்கம்தானே."

பிறகு, நான் கேளாமலே ஒன்றைச் சொன்னார். கட்டியைப் போன ஆண்டு ஆவணியிலேயே கண்டிருக்கிறார். மார்கழி வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. "கடல் பிழையெண்டு எல்லாரும் நினைக்கினம். அது சரியில்லை. ஒவ்வொரு சனியும் வீட்டிலைதான் நிண்டனான். ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். போகேல்லை. ஏன் போகேல்லை எண்டு என்னையே கேட்டுப் பாத்தனான். பயம் எண்டுதான் வருது. வேற காரணம் தேடினனான் சேர், கிடைக்கேல்லை." சிறிது இளைப்பாறிவிட்டு, "வீட்டிலை அவருக்கு இது தெரியாது," என்றார்.

முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவரைக் கவனித்த வைத்தியரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதையும் அப்படியே எழுதுகிறேன்.

ஆகவே அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் இரண்டு பகுதி. அவள் எழுதியதால் ரீச்சர் தீவுக்குப் போனாரா? ஆம். அங்கே இருந்ததால் நோயைக் காணப் பிந்தியதா? இல்லை. முதற்பகுதியை மறைத்து இரண்டாவதை மட்டும் சொன்னால், அவளுடைய வாழ்க்கையில் அவள் எழுதிய மிகச் சிறந்த பந்தியை அவளிடமிருந்து பறித்தவனாவேன். இரண்டாவதைக் காரணத்துடன் சொல்வதானால், எவருக்கும் தெரியாத அந்தப் பயத்தைச் சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அப்படித்தான் அவளுக்குப் படிப்பிக்கப்பட்டிருக்கிறது.

இது நினைவு மலருக்குரியதல்ல என்பது எழுதி முடித்தபின் தெரிகிறது. அவரைச் சிறுமைப்படுத்தும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தம் உயிருக்கு நேர்ந்ததிலும் பழியைக் கடல் மேல் போட மறுத்து, தம் பயத்தைத் தாமே எடுத்து என் முன் வைத்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு மனிதரிடம் எதைக் காண்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

மலருக்கு வேறு இரண்டு பக்கம் எழுத வேண்டும்.

தீவுப் பள்ளிக்கு இன்னும் ஆள் போடவில்லை. கந்தோரில் யாரைக் கேட்பது என்று விசாரிக்க வேண்டும்.

அவருடைய கணவரிடம் போய் ஆவணி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற எவருக்கும் முன் அவர் அறிய வேண்டும். இரண்டு முறை அவர் வீட்டுப் படலைவரை போய்த் திரும்பிவிட்டேன். காரணம்: பயம்.

அதன் பிறகு மருந்தகத்துக்குப் போய், அந்தப் பெண்ணிடம் முதலில் 'ஓம்' என்று சொல்ல வேண்டும்.